கேஸ் ஷீட்டில் மட்டும் எழுதுகிற உண்மை

கொஞ்சம் நீளமான இழை. டீ குடிச்சுக்கிட்டே படிங்க. திட்டணும்னு தோணினா முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

போன வாரம் ஒட்டன்சத்திரம் பக்கத்துல ஒரு கிராமத்துல சமுதாய வளைகாப்பு. நாற்பது கர்ப்பிணிகள், சீர்வரிசைத் தட்டு, அஞ்சு வகைச் சாதம், பந்தல் நிறைய சொந்தக்காரங்க. அரசு டாக்டர்னு என்னையும் மேடையில உட்கார வெச்சு அஞ்சு நிமிஷம் பேசச் சொன்னாங்க. வழக்கமா பேசுறதுதான். இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பையில போடாதீங்க, முருங்கைக்கீரை சாப்பிடுங்க (ஒட்டன்சத்திரத்துல போய் முருங்கைக்கு விளம்பரம்!), மாசாமாசம் செக்கப் வாங்க.

அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலை.

"சொந்தத்துல கல்யாணம் பண்றதை நாம விடணும். உங்களுக்கு முடிஞ்சது முடிஞ்சுபோச்சு. உங்க பிள்ளைங்களுக்காவது அக்கா மகன், அண்ணன் மகள்னு இப்பவே பேசி முடிச்சு வெக்காதீங்க."

பந்தல்ல ஒரு சத்தமும் இல்லை. மைக் மட்டும் கொய்ங்னு சத்தம் போட்டுச்சு. முன்வரிசையில ஒரு பெரியவர் எழுந்தார். "ஏந்தம்பி, நானு எங்க மாமன் மகளைக் கட்டுனவன். நாலு புள்ளைங்க, எட்டுப் பேரப்புள்ளைங்க. எவனுக்கு என்ன கொறைச்சல்? எங்க வம்சத்தையே நொண்டிங்கறியா?"

கைதட்டு முழுக்க அவருக்கு. சாயங்காலத்துக்குள்ள அந்த வீடியோ வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் சுத்துச்சு. "தாய்மாமன் சீரை நிறுத்தச் சொல்ல இவன் யாரு?"ன்னு தலைப்பு. தாய்மாமன் சீரைப் பத்தி நான் வாயே திறக்கலை.

ராத்திரி கூட வேலை பார்க்கிற நண்பர் போன் பண்ணினார். "உனக்கேன்பா இந்த வேலை? சத்து மாத்திரை, கீரைன்னு பேசிட்டு வர வேண்டியதுதானே. நாளைக்கு எவனாவது மனு கொடுத்தா ட்ரான்ஸ்ஃபர்ல நீதான் சுத்தணும்." அக்கறையாத்தான் சொன்னார். நீ சொன்னது தப்புன்னு அவர் ஒரு வார்த்தை கூடச் சொல்லலை. அவருக்கும் அது தெரியும். எங்க எல்லாருக்குமே தெரியும். இந்த இழை அதைப் பத்தித்தான்.

கர்ப்பிணி முதல் தடவை வரும்போது எல்லா அரசு மருத்துவமனையிலும் ஒரு கேள்வி கேட்போம். "சொந்தத்துல கல்யாணமா?" ஆமான்னா, என்ன உறவுன்னு கேட்டு கேஸ் ஷீட்ல எழுதுவோம். மாமன் மகள், அத்தை மகன்னா 'தேர்டு டிகிரி'. தாய்மாமனைக் கட்டியிருந்தா 'செகண்ட் டிகிரி'. எழுதி ஒரு வட்டம் போடுவோம். டாக்டர் பார்த்தா டாக்டருக்குப் புரியும். சீட்டை வாங்கிட்டுப் போற அந்தப் பொண்ணுக்கு அது என்ன வட்டம்னு தெரியாது. நாங்களும் சொல்ல மாட்டோம். க்யூல பின்னாடி எண்பது பேர் நிக்கறாங்க. அதுவும் நிஜம்தான். ஆனா எண்பது பேர் இல்லாத நாள்லயும் சொல்ல மாட்டோம். அதுவும் நிஜம்.

கணக்கையும் சொல்லிடுறேன். 2019-21ல எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் நூத்துக்கு 28 கல்யாணம் ரத்த உறவுக்குள்ள நடந்தது. நாட்டின் சராசரி 11. இந்த விஷயத்துல நாம முன்னணி மாநிலம்.

ஏன் ஆகாது? ஒவ்வொரு மரபணுவும் நமக்கு ரெண்டு நகலா வருது, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. வீட்டுச் சாவி ரெண்டு வெச்சிருக்கோம்ல, அந்த மாதிரி. ஒண்ணு வளைஞ்சிருந்தாலும் இன்னொண்ணு திறந்துடும். வளைஞ்ச சாவி சிலது இல்லாத மனுஷனே கிடையாது, எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கு. வெளியில பொண்ணு எடுத்தா அவங்ககிட்டயும் அதே சாவி வளைஞ்சிருக்க வாய்ப்பு குறைவு. ஒரே தாத்தா பட்டறையில வார்த்த சாவின்னா வாய்ப்பு கூடுது. மாமன் மகளும் அத்தை மகனும் எட்டுல ஒரு பங்கு மரபணுவைப் பகிர்ந்துக்கறாங்க. தாய்மாமனும் அக்கா மகளும் நாலுல ஒரு பங்கு.

பொதுவா நூறு குழந்தையில ரெண்டு மூணு பேருக்குப் பிறவிக் குறை ஏதாவது இருக்கும். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்துல அது ஏறக்குறைய ரெண்டு மடங்காகுது, நாலுலருந்து ஆறு. தாய்மாமன் கல்யாணத்துல அதைவிடக் கூடுதல்.

அதாவது மாமன் மகளைக் கட்டினாலும் நூத்துல தொண்ணூத்து நாலு குழந்தைக்கு மேல நல்லாத்தான் பிறக்குது. அந்தப் பெரியவர் பொய் சொல்லலை. அவருடைய பன்னிரண்டு பேரும் நல்லா இருப்பாங்க, இருக்கட்டும். அவர் வீட்டை மட்டும் பார்த்தா அவர் சரி. வார்டுல உட்கார்ந்து பல வீட்டையும் சேர்த்துப் பார்க்கிற வேலை என்னுது. பார்த்ததைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம் தர்றாங்க.

இப்ப ஒரு பழைய கதை. எல்லா டாக்டருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டிய கதை, பாதிப் பேருக்குத் தெரியாது.

1985 கடைசி. சென்னை மருத்துவக் கல்லூரியில நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன். அவர்கிட்ட மேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலா. ஆராய்ச்சிக்கு என்ன தலைப்புன்னு பேச்சு வந்தப்போ சாலமன் எய்ட்ஸ்னு சொல்றார். அப்போ ஊர் முழுக்க இருந்த நம்பிக்கை என்ன தெரியுமா? எய்ட்ஸ் வெள்ளைக்காரன் நோய். நம்ம கலாசாரம் இருக்கு, நம்ம குடும்ப அமைப்பு இருக்கு, நமக்கெல்லாம் வராது. நிர்மலாவே தயங்கினார். கிராமப் பின்னணியில வந்த, சின்னக் குழந்தைங்களோட குடும்பம் நடத்துற பொண்ணு, பாலியல் தொழில் செய்ற பெண்களைத் தேடிப் போய் ரத்தம் எடுக்கணும்.

போனார். காப்பகத்துல அடைச்சு வெச்சிருந்த பெண்கள்கிட்ட எடுத்தார். 200 மாதிரி எடுக்கச் சொன்னாங்க, 80 தான் கிடைச்சது. மாதிரியை எங்க வெச்சார்? வீட்டு ஃப்ரிட்ஜுல. ஐஸ் பெட்டியில போட்டு ரயிலேறி காட்பாடி போய், அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. அங்கே ஜேக்கப் ஜான் வெச்சிருந்த ஆய்வகத்துல எலைசா பரிசோதனை. ஆறு மாதிரி மஞ்சளாச்சு.

நம்மள்ல பல பேர் இங்கேயே ஒரு போஸ்ட் போட்டிருப்போம்.

அவங்க போடலை. அதே பெண்கள்கிட்ட மறுபடி ரத்தம் எடுத்தாங்க. அமெரிக்காவுக்கு அனுப்பி வெஸ்டர்ன் பிளாட் பண்ணி உறுதி பண்ணினாங்க. அப்புறம்தான் அரசுக்குச் சொன்னாங்க. 1986 மே மாசம் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவிச்சார்.

கைதட்டு கிடைச்சுதா? பரிசோதனையே தப்புன்னாங்க. சாலமன் மராட்டியக் குடும்பத்துல பிறந்தவர். வடக்கத்திப் பொம்பளை நம்மள அசிங்கப்படுத்தப் பார்க்குதுன்னாங்க. வாட்ஸ்அப் இல்லாத காலம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பெரியவர் என்கிட்ட கேட்ட அதே கேள்விதான்: எங்களை அசிங்கம்ங்கறியா?

அந்த அறிவிப்பு வராம இருந்திருந்தா இன்னும் எத்தனை வருஷம் 'நமக்கு வராது'ன்னே இருந்திருப்போம்னு யோசிச்சுப் பாருங்க. 1994ல தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்துச்சு. நான் ஸ்கூல் படிக்கும்போது சுவரெல்லாம் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமான்னு கேட்டுக்கிட்டு நின்னுச்சு, ஞாபகம் இருக்கா? ராத்திரி காய்கறி மார்க்கெட்ல லோடு ஏத்திக்கிட்டு கேரளா போற லாரி டிரைவர்ங்க கையில ஆணுறை கொடுக்கப்பட்டுச்சு. எல்லாம் ஆறு மஞ்சள் குழியில ஆரம்பிச்சது. சாலமன் 1993ல ஒய்.ஆர்.ஜி கேர் தொடங்கி, வேற டாக்டர்கள் தொடப் பயந்த நோயாளிகளைப் பார்த்தார். 2015ல இறந்துட்டார். பத்மஸ்ரீ 2017ல வந்துச்சு. நிர்மலா படிப்பை முடிச்சுட்டு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். ரொம்ப வருஷம் யாரும் அவரைத் தேடலை.

இந்தக் கதையில ஒரு கறையும் இருக்கு, மறைக்கக் கூடாது. எதுக்கு ரத்தம் எடுக்கறோம்னு அந்தப் பெண்களுக்குச் சொல்லலைன்னு நிர்மலாவே பின்னாடி சொல்லியிருக்கார். இன்னைக்கு அப்படிச் செய்ய எந்த நெறிமுறைக் குழுவும் விடாது. உண்மையைச் சொன்ன தைரியம் டாக்டர்களுக்கு. அடைபட்டுக் கிடந்தது அந்தப் பெண்கள். இதுக்கு மறுபடி வர்றேன், ஏன்னா நானும் போன வாரம் அதே மாதிரி ஒண்ணு பண்ணியிருக்கேன்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். "டாக்டர், ஊருக்குப் பிடிக்காததைத் தைரியமா சொல்லணும்ங்கறீங்க. அப்ப தடுப்பூசி போடாதேன்னு சொல்றவரும் தைரியசாலிதானே?"ன்னு சிலர் கேட்பீங்க. நல்ல கேள்வி. 2018ல திருப்பூர்ல யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஒரு தாய் ரத்தப்போக்குல இறந்தாங்க. கொஞ்ச நாள்லயே கோயம்புத்தூர்ல வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி தர்றேன்னு விளம்பரம் வந்து, அறிவிச்சவரைக் கைது பண்ணினாங்க. அவரை ஆதரிச்சவங்க சொன்னதும் இதேதான்: மருத்துவ உலகமே எதிர்த்தாலும் தைரியமா பேசறார்.

எதிர்ப்பு வருதுங்கறதுக்காக ஒரு கருத்து உண்மையாயிடாது. ஆறு குழி மஞ்சளானப்போ நிர்மலாவும் சாலமனும் முதல்ல கேட்டது, "நாம தப்பா இருந்தா?" அதுக்குத்தான் மறுபடி ரத்தம், அதுக்குத்தான் அமெரிக்கா. யூடியூப் வைத்தியர் ஒருத்தராவது ரெண்டாவது பரிசோதனைக்கு அனுப்பி நான் பார்த்ததில்லை. இன்னொண்ணையும் பாருங்க, தப்பாப் போனா விலை யார் தர்றது? திருப்பூர்ல தந்தது அந்தத் தாய். பேசினவருக்கு சப்ஸ்கிரைபர் ஏறும்.

எங்க பக்கமும் சுத்தம் இல்லை. 2021 ஏப்ரல் 15 நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில கொரோனா தடுப்பூசி போட்டுக்கிட்டார். 17ஆம் தேதி மாரடைப்புல இறந்தார். அடுத்த வாரம் எங்க முகாம்ல ஈ ஓட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்போ தடுப்பூசிக்கு ஆதரவா தினமும் எழுதினேன். திட்டு வந்துச்சு, அதைவிடப் பல மடங்கு லைக் வந்துச்சு. தைரியமான டாக்டர்னு பேர். நிஜமாச் சொல்றேன், அதுல ஒரு தைரியமும் இல்லை. அரசாங்கம் என் பக்கம், துறை என் பக்கம், படிச்சவங்க எல்லாம் என் பக்கம். திட்டினவங்க யாருன்னே எனக்குத் தெரியாது, அவங்க வீட்டுல நான் சோறு சாப்பிடப் போறதில்லை.

எனக்குத் தைரியம் தேவைப்பட்ட நாள் வேற. அது 2010.

இதை எங்க அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "பேர் போடாம எழுதிக்கோ"ன்னு சொல்லிட்டா.

நான் அப்போ எம்.பி.பி.எஸ் மூணாவது வருஷம். சமூக மருத்துவத்துல ஒரு குடும்பத்தை எடுத்து வம்சாவளிப் படம் வரைஞ்சு கொடுக்கணும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு. சொந்தத்துல கல்யாணம்னா ரெட்டைக் கோடு. என் படத்துல ரெட்டைக் கோட்டை ஸ்கேல் வெச்சு அழகாப் போட்டேன். நல்ல மார்க். அதே மாசம் வீட்டுல அக்காவுக்கும் எங்க தாய்மாமாவுக்கும் தேதி குறிச்சாங்க. மாமா தங்கமான மனுஷன், இன்னைக்கும். எங்க அப்பா இல்லாத வீட்டுல என் காலேஜ் பீஸ் கட்டினது அவர்தான்.

நான் என்ன பண்ணினேன்? கல்யாணத்துல வீடியோகாரருக்கு லைட் பிடிச்சேன்.

அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம். அக்காவைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தா மாமா சோத்தைத் தின்னுட்டு மாமாவையே வேணாம்ங்கறான்னு ஆகிடும். அந்தப் பயம்தான், வேற ஒண்ணும் இல்லை.

பாப்பாவுக்கு ஒண்ணரை வயசாகியும் கூப்பிட்டா திரும்பலை. அம்மாச்சி, "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்"னு சொல்லிச்சு. அம்மாச்சிக்கு மகன் வழியிலயும் பேத்தி, மகள் வழியிலயும் பேத்தியோட மகள். யாரை விட்டுக் கொடுக்கும்? நான்தான் பெரா டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு காதும் கேட்கலை. மரபணுப் பரிசோதனையில கனெக்சின் 26, ரெண்டு நகல்லயும் ஒரே பிழை. அக்காகிட்ட ஒண்ணு, மாமாகிட்ட ஒண்ணு. காப்பீட்டுத் திட்டத்துல காக்ளியர் இம்ப்ளான்ட் வெச்சு, வருஷக்கணக்கா பேச்சுப் பயிற்சிக்கு அக்கா பஸ்ல அலைஞ்சு, இன்னைக்கு அவ பேசறா. நல்லாப் படிக்கிறா. என்னை 'தாத்தா' முறை சொல்லிக் கிண்டல் பண்றா, எங்க வீட்டு முறையைக் கணக்குப் போட்டா எதுவும் வரும்.

அவ பிறந்தது தப்புன்னு நான் சொல்லலை, அப்படி யாராவது சொன்னா பல்லை உடைப்பேன். நான் வாயை மூடிக்கிட்டு இருந்தது தப்பு.

ரெண்டு வருஷம் முன்னாடி அக்காகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னா: "நீ சொல்லியிருந்தாலும் நான் மாமாவைத்தான்டா கட்டியிருப்பேன். ஆனா நீ சொல்லியிருக்கலாம். ஒன்றரை வருஷம் வீணாப் போயிருக்காது. பொறந்த உடனே காதைப் பார்த்திருப்பேன்ல."

இது எனக்குத் தோணவே இல்லை. நாம சொன்னா கேட்கப் போறாங்களான்னுதான் நான் யோசிச்சேன். கேட்காட்டியும் அவங்களுக்கு அந்தத் தகவல் தேவைப்படும்.

ஆக, சக டாக்டர்களே, உங்ககிட்டதான் பேசறேன். நடத்தை விதிகளைக் காட்டாதீங்க. 1973 விதிகளை நானும் படிச்சிருக்கேன். அரசை விமர்சிக்கறதுக்குத்தான் அங்க பூட்டு. அக்கா மகளைக் கட்டாதேன்னு ஒரு அம்மாகிட்ட சொல்றதுக்கு எந்த விதியும் குறுக்க வராது. குறுக்க வர்றது நம்ம வீட்டு விசேஷம், நம்ம சாதிக்காரங்க, சாயங்காலம் நம்ம கிளினிக்குக்கு வர்ற கூட்டம். காய்ச்சலுக்கு ஊசி கேட்டா போட்டு அனுப்பற அதே காரணம்தான்.

முத்துலட்சுமி ரெட்டி 1927ல சென்னை சட்டமன்றத்தில தேவதாசி முறைக்கு எதிராத் தீர்மானம் கொண்டுவந்தார். அவங்க அம்மா பிறந்ததே அந்தச் சமூகத்துலதான். பெரிய தலைவர்கள் எதிர்த்தாங்க. அந்தச் சமூகத்துப் பெண்களும் எதிர்த்தாங்க, பெங்களூர் நாகரத்தினம்மாள் உட்பட. நாகரத்தினம்மாள் கோழை இல்லை, அவங்க கேட்ட சில கேள்விகள் இன்னைக்கும் நியாயமாத் தெரியுது. முழுச் சட்டம் வர 1947 ஆச்சு. இருபது வருஷம். வீட்டுக்குள்ள பேசறது அப்படித்தான் இருக்கும் போல.

இப்ப என் தப்புக்கு வர்றேன்.

வளைகாப்புக்கு மறுநாள் காலையில ஓ.பி.ல ஒரு பொண்ணு வந்து உட்கார்ந்துச்சு. ஆறு மாசம். கை நிறைய முந்தின நாள் போட்ட கண்ணாடி வளையல். அத்தை மகனைக் கட்டின பொண்ணு. ராத்திரி முழுக்கத் தூங்கலைன்னு முகத்துலயே தெரிஞ்சுது. "சார், என் புள்ள ஊனமாப் பொறக்குமா?"

வயித்துல பிள்ளையோட உட்கார்ந்திருந்த நாற்பது பேர் முன்னாடி, இனிமே அவங்களால மாத்த முடியாத ஒண்ணைப் பத்தி மைக்ல பேசியிருக்கேன். 'முடிஞ்சது முடிஞ்சுபோச்சு'ன்னு வேற சொல்லியிருக்கேன். கருத்து சரி. இடம் தப்பு, சொன்ன விதம் தப்பு. அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டேன். கணக்கைச் சொன்னேன், நூத்துக்கு தொண்ணூத்து நாலு அவ பக்கம்னு. அஞ்சாம் மாச ஸ்கேனை எடுத்து மறுபடி ஒரு தடவை அவகூட உட்கார்ந்து பார்த்தேன், நல்லா இருந்துச்சு. பிறந்ததும் காது பரிசோதனை, குதிகால்ல ரத்தம் எடுத்துப் பார்க்கிற பரிசோதனை எங்கெங்க கிடைக்கும்னு, வட்டம் போடாம, தமிழ்ல எழுதிக் கொடுத்தேன். இருபது நிமிஷம் ஆச்சு. க்யூல திட்டினாங்க.

அந்தப் பந்தல்ல இருந்த மத்தவங்க எந்த மருத்துவமனைக்குப் போறாங்கன்னு கிராம செவிலியர்கிட்ட கேட்டிருக்கேன். சொந்தத்துல கட்டினவங்களை ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுப் பேசணும். பொதுவுல பேச வேண்டிய இடம் ப்ளஸ் டூ வகுப்பு, காலேஜ், பொண்ணு பார்க்கப் போறதுக்கு முன்னாடி இருக்கிற வீடு. வீடியோவுல கைதட்டு வாங்கின அந்தப் பெரியவரையும் பார்க்கப் போறேன். பன்னிரண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னு அவர் சொன்னதை நான் நம்பறேன்னு அவருக்குத் தெரியணும்.

கடைசியா ஒண்ணு. எங்க பெரியம்மா மகனுக்குத் தை மாசம் கல்யாணம். பொண்ணு எங்க பெரிய மாமா மகள். பத்திரிகை அடிக்கக் கொடுத்தாச்சு. நேத்து ராத்திரி பெரிய மாமாவுக்குப் போன் பண்ணினேன். கல்யாணத்தை நிறுத்துங்கன்னு சொல்லலை. பாப்பா விஷயம் உங்களுக்கே தெரியும், அதே பிழை இவங்க ரெண்டு பேர்கிட்டயும் இருக்கலாம், முன்னாடியே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துடலாம், மரபணு ஆலோசனைக்கு நானே கூட்டிட்டுப் போறேன், முடிவு அவங்க ரெண்டு பேரோடதுன்னு சொன்னேன்.

"நல்ல காரியம் பேசற நேரத்துல வாயில வர்ற பேச்சாடா இது"ன்னு கேட்டார். போனை வெச்சுட்டார். இப்ப மதியம் ரெண்டு மணி, இன்னும் திரும்பக் கூப்பிடலை. மாப்பிள்ளைப் பையன் மட்டும் காலையில ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கான்: "அண்ணே, அந்த டெஸ்ட் திண்டுக்கல்ல எடுப்பாங்களா, மதுரை போகணுமா?"